செங்காந்தள் கிழங்கு ரெண்டாவது வருஷம் முளைக்கவே இல்ல, எங்க தப்பு பண்ணேன்?

விளைவேலி | ஜூலை 2

எல்லாருக்கும் வணக்கம். எனக்க ஊரு மார்த்தாண்டத்துக்கு கெழக்க, வீட்ட சுத்தி 18 சென்ட் விளை, தென்னை, ரெண்டு சக்கை மரம், ஒரு அயனி, ஓரத்துல சீலாந்தி வேலி. சின்ன வயசுல எங்க பாட்டாவுக்க விளையில வேலி முழுக்க செங்காந்தள் படர்ந்து கெடக்கும், ஆடி ஆவணியில பள்ளிக்கூடம் விட்டு வரும்போ தூரத்துல இருந்தே தெரியும், வேலி தீப்பிடிச்ச மாதிரி இருக்கும். இப்ப அந்த வேலி இல்ல, காம்பவுண்டு சுவர் வந்தாச்சு, செடியும் போச்சு. அந்த ஆசையில போன வருஷம் ஜூன்ல ஒரு நர்சரியில அஞ்சு கிழங்கு வாங்கி தென்னந்தடத்துல நட்டேன். அஞ்சும் முளைச்சு ஆள் உயரம் ஏறி ஆவணியில இருந்து ஐப்பசி வரைக்கும் பூத்துது. நல்ல சந்தோசம்.

கார்த்திகை கடைசியில இலை எல்லாம் மஞ்சளாகி கொடி காஞ்சு போச்சு. தண்ணி காணாதுன்னு நெனச்சு தை மாசி ரெண்டு மாசமும் தென்னைக்கு விடும்போ அதுக்கும் விட்டேன். ஒண்ணும் வரல. மார்ச்சுல தோண்டி பாத்தா ரெண்டு கிழங்கு கூழா போயிருக்கு, மூணு நல்லா இருந்துது. சேனை வெட்டி நடுவோம்லா, அது மாதிரி அந்த மூணையும் மூணு மூணு துண்டா வெட்டி ஒம்பது இடத்துல நட்டேன். மழை வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒரு துண்டு கூட முளைக்கல. விதைக்கிழங்கு விக்கிற ஆளு எதாவது மருந்து வச்சு குடுக்கானா, அடுத்த வருஷம் முளைக்காண்டாம்னு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சானல்கரை | ஜூலை 2

அண்ணே அப்பிடி மருந்து எல்லாம் யாரும் வைக்க மாட்டாங்க. வெட்டினதுதான் கோளாறுன்னு தோணுது. எங்க பக்கத்துலயும் ஒருத்தர் இதே மாதிரி வெட்டி நட்டு ஒண்ணும் வரல. ஆனா ஏன்னு எனக்கு சரியா சொல்ல தெரியல, மருத்துவாழ்மலை அக்கா வந்து சொல்லட்டும்.

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஜூலை 2

தம்பி ரெண்டு தப்பு நடந்திருக்கு, ரெண்டும் எல்லாரும் பண்ற தப்புதான், நானும் முதல் வருஷம் ஒண்ணு பண்ணேன்.

முதல்ல கிழங்க பத்தி. செங்காந்தள் கிழங்கு பாத்திருப்பிய, ரெண்டு கை விரிச்ச மாதிரி கவட்டையா இருக்கும், சிலது ஒரு பக்கம் வளைஞ்சு ஏர்க்கலப்பை மாதிரியே இருக்கும், அதனாலதான் கலப்பைக் கிழங்குன்னு பேரு. ஆயுர்வேதத்துல லாங்கலின்னு சொல்றதும் கலப்பைதான். இந்த கவட்டையில ஒவ்வொரு கையோட நுனியில மட்டும்தான் ஒரு முளைக்கண்ணு உண்டு. வேற எங்கயும் கண்ணு கெடையாது. சேனையில நடு மொட்டுல இருந்து ஒரு சில்லு சேத்து வெட்டினா வரும், இஞ்சியில மஞ்சள்ல முட்டுக்கு முட்டு கண்ணு இருக்கும், இதுல அப்பிடி இல்ல. நடுத்துண்ட நட்டா அது மண்ணுக்குள்ள கெடந்து அழுகும், அவ்வளவுதான். நீங்க மூணு துண்டா வெட்டுனியன்னா நடுத்துண்டு முளைக்க வழியே இல்ல, மத்த துண்டுலயும் நுனி நசுங்கியிருந்தா வராது. தோண்டும்போ மம்பட்டி நுனியில பட்டாலே போச்சு. நுனி ஒடைஞ்ச கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் பிரயோசனம் இல்ல. பிரிக்கணும்னா ரெண்டு கையும் சேருற முட்டுல மட்டும் பிரிக்கணும், அப்ப ஒண்ணு ரெண்டாகும், மூணு ஆகாது.

ரெண்டாவது தண்ணி. கார்த்திகையில கொடி காஞ்சது தண்ணி இல்லாம இல்ல. அது உறங்க போற காலமாக்கும். இலையில இருக்க சத்து எல்லாத்தையும் கிழங்குக்கு இறக்கி குடுத்துட்டு மேல உள்ளத உதிர்த்து விட்டுரும். பழைய கிழங்கு சுருங்கி சக்கையா போயிரும், அது பக்கத்துல புதுசா கவட்டைக் கிழங்கு உருவாகி இருக்கும். சுமார் மூணு மாசத்துக்கு மேல அது மண்ணுக்குள்ள சும்மா கெடக்கணும், காய்ஞ்ச மண்ணா இருந்தா நல்லது. அந்த நேரம் தென்னந்தடத்துல தினமும் தண்ணி குடுத்தா அழுகாம என்ன செய்யும்.

விளைவேலி | ஜூலை 3

அக்கா ரொம்ப நன்றி. படிச்சிட்டு போய் ரெண்டு இடத்துல மண்ண பைய நீக்கி பாத்தேன், நீங்க சொன்னது மாதிரியே கருப்பா கூழா கெடக்கு. நானே வெட்டி கொன்னுட்டேன்னு மனசுக்கு கஷ்டமா இருக்கு. வித்த ஆள சந்தேகப்பட்டதும் தப்பு. ஒரு சந்தேகம், எங்க பாட்டா விளையில யாரும் தோண்டி வைக்கல, தண்ணியும் விடல, வேலியில அதுபாட்டுக்கு வருஷா வருஷம் வந்துச்சே, நம்ம மாவட்டத்துல ரெண்டு மழையும் பெய்யுது, அங்க ஏன் அழுகல?

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஜூலை 3

அங்கதான் விசயம் இருக்கு. வேலி எப்பவும் மேடு. பழைய வேலின்னா மண்ண வெட்டி வரம்பு மாதிரி கயாலை போட்டு அதுக்க மேல செடி நடுவாங்க, தண்ணி ஒரு சொட்டு நிக்காது. நீங்க நட்டது தடத்துல, பள்ளம். காட்டுலயும் பாருங்க, பொத்தை சரிவுல, பாறை இடுக்குல, ஓடைக்கு மேல் கரையில நிக்கும், சகதியில நிக்காது. கடலோர மணல்ல கூட வரும், மணல்ல தண்ணி தங்காதுல்லா. மழை எத்தனை பெய்யுதுங்கிறத விட பெய்ஞ்ச தண்ணி எவ்வளவு சீக்கிரம் எறங்குதுங்கிறத பாருங்க. உங்க பக்கம் வெட்டுக்கல் செம்மண், அது நல்ல மண்ணுதான், ஒரு அடி ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு, அதுல ஆத்துமணலும் மக்குன இலையும் கலந்து, சரிவுக்கு குறுக்க இல்லாம தண்ணி ஓடுற மாதிரி வச்சா போதும்.

பச்சைக்கம்பு | ஜூலை 5

கேக்க வேண்டிய இன்னொண்ணு, எதுல ஏத்துறது? நான் நல்ல தடி மூங்கில் நட்டு வச்சேன், ஏறவே மாட்டேங்குது, சரிஞ்சு தரையில கெடக்கு.

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஜூலை 5

மூங்கில ஏறாது மக்கா. இந்த செடிக்கு தனியா பற்றுக்கொடி கெடையாது, இலையோட நுனிதான் நீண்டு சுருண்டு பிடிக்கும். ஒரு இலைய கிட்ட வச்சு பாருங்க, நுனி தலைமுடி மாதிரி மெலிஞ்சு ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சிருக்கும். அதால ஒரு ஈர்க்கில், ஒரு சின்ன கெளை, கம்பி, சணல், இதத்தான் சுத்தி பிடிக்க முடியும். கையளவு தடிய எப்பிடி சுத்தும்? மூங்கில்ல குறுக்கும் நெடுக்குமா சணல் கட்டி விடுங்க, இல்லன்னா காய்ஞ்ச சிமிறு, அதாவது மெல்லிசு குச்சி, நெறைய உள்ள கெளை ஒண்ண பக்கத்துல குத்தி வைங்க, ரெண்டு நாளுல பிடிச்சிரும். தண்டு ரொம்ப பஞ்சு, நாம பிடிச்சு வளைச்சு கட்ட போனா ஒடியும், அதுவா பிடிக்க விடணும்.

மூலனூர் காடு | ஜூலை 8

வணக்கமுங்க. நான் குமரி மாவட்டம் இல்லீங்க, மூலனூர் பக்கம். இழைய படிச்சேன், இதுலயே பொழப்பு ஓட்டறவன்ங்கறதால நாலு வார்த்தை சொல்லலாம்னு வந்தேன். நீங்க செங்காந்தள்னு சொல்றத நாங்க கண்வலிக் கிழங்குன்னு சொல்லுவோம். எங்க பக்கம் மூலனூர், தாராபுரம், அங்கிட்டு ஒட்டன்சத்திரம், மார்க்கம்பட்டி வரைக்கும் இது வயல் பயிருங்க. வேதாரண்யம் பக்கமும் மணல்ல பண்றாங்க. அழகுக்கு இல்லீங்க, விதைக்கு. விதையிலதான் கொல்சிசின் சத்து கிழங்க விட அதிகம், மருந்து கம்பெனிக்கு போகுது, கவுட்னு சொல்ற மூட்டு வீக்கத்துக்கு அதுல மாத்திரை. ஐரோப்பாவுல கொல்சிகம்னு ஒரு செடியில இருந்து 1820ல பிரிச்சு எடுத்த அதே சத்துதான், நம்ம செடியிலயும் அதே இருக்குதுங்க. ரெண்டும் ஒரே குடும்பம்.

நாங்க நடறது ஆனி ஆடியில, கிழங்கு ஒண்ணு 50, 60 கிராமாவது இருக்கோணும், சின்னதா இருந்தா அந்த வருஷம் பூக்காது. ட்ரைக்கோடெர்மான்னு அழுகல் வராம காக்கற பூஞ்சைக் கரைசல்ல முக்கி எடுத்து நெழல்ல ஆற வெச்சு நடுவோம், வேப்பம்புண்ணாக்கு அடியில போடுவோம். ஏறறதுக்கு முள்ளுக்கிளுவை நட்டு வுட்டிருக்கோம், சிலபேரு கம்பிப்பந்தல். ஒருதடவ நட்டா நாலஞ்சு வருஷம் நெலத்துலயே கெடக்கும், வருஷா வருஷம் அதுவே முளைக்கும். விதை எடுக்க ஆறு மாசம் ஆயிரும்ங்க. முதல் செலவு கிழங்குக்கே போயிரும், வெலை ஒரு வருஷம் தூக்கி வுடும் ஒரு வருஷம் கவுத்து போடும், யாவாரி சொன்னதுதான் வெலை. கட்டுப்படியாகற வெலை வேணும்னு ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருக்கறோம். அதனால இங்க யாராச்சும் ஒரு ஏக்கரா போட்டு காசு பாக்கலாம்னு நெனச்சா முதல்ல வாங்கறவன் யாருன்னு பாத்துட்டு எறங்குங்க. வீட்டு வேலிக்குன்னா தாராளமா போடுங்க.

விளைவேலி | ஜூலை 8

அண்ணே வந்து சொன்னதுக்கு ரொம்ப நன்றி. எனக்கு போன வருஷம் 30 பூவுக்கு மேல பூத்துது, ஒரு காய் கூட பிடிக்கல. அதுக்கு எதாவது வழி உண்டா?

மூலனூர் காடு | ஜூலை 9

கையில தொட்டு வுடோணும்ங்க. அந்தப் பூவ நல்லா பாத்தீங்கன்னா தெரியும். பூ தலைகீழா தொங்கும், இதழ் ஆறும் மேல்பக்கமா மடங்கி நிக்கும், மகரந்தத் தண்டு ஆறும் சுத்தி விரிஞ்சு நிக்கும். ஆனா சூலகத்துல இருந்து வர்ற தண்டு மட்டும் நேரா வராம அடியிலயே மடங்கி ஒரு பக்கமா வெளிய நீட்டிட்டு இருக்கும், வாசல்ல ஒருத்தன் கைய நீட்டின மாதிரி. மகரந்தத்துல இருந்து வெலகி இருக்கறதால தானா ஒட்டறது கொறைவு, பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து இடிச்சாத்தான். வயல்ல அத நம்ப முடியாதுங்க. அதனால வெயில் ஏறறதுக்கு முந்தி, காலைல எட்டு மணியில இருந்து பதினொண்ணு வரைக்கும் ஆளுங்க வரிசையா போயி ஒரு செடிப் பூவோட மகரந்தத்த எடுத்து வேற செடிப் பூவோட நீட்டின நுனியில தொட்டு வுடுவாங்க. நுனி மூணா பிரிஞ்சிருக்கும், அதுல மஞ்சள் பொடி ஒட்டினது கண்ணுக்கு தெரியோணும். பெயிண்ட் அடிக்கற சின்ன பிரஷ் இருந்தா அதுல பண்ணலாம். அதே பூவுக்கு அதே பூவ தொடறத விட வேற செடிப் பூவ தொட்டா காய் நல்லா புடிக்கும். எங்களுக்கு இதுதான் பெரிய வேலை, கூலி பூரா இதுக்குத்தான் போகுது.

பச்ச காய் தோல் சுருங்கி நெறம் மாறறப்ப பறிச்சு நெழல்ல காய வெச்சா வெடிச்சு உள்ள செவப்பு விதை முத்து மாதிரி வரிசையா இருக்கும். அத எடுத்து நட்டும் செடி பண்ணலாம், ஆனா பொறுமை வேணும்ங்க, முளைக்கறதுக்கே மாசக்கணக்குல ஆகும், பூ பாக்க மூணு நாலு வருஷம்.

மலையோரம் | ஜூலை 12

இவ்வளவு மெனக்கெடணுமா? கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் காட்டுல போனா எத்தனை வேணும்னாலும் நிக்கு. மழை நேரம் பாத்து வச்சுட்டு ஒரு சாக்கு தோண்டிட்டு வந்தா போச்சு.

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஜூலை 12

தயவு செஞ்சு அப்பிடி பண்ணாதீங்க, பண்ண சொல்லி அடுத்தவங்களுக்கும் சொல்லாதீங்க. ரிசர்வ் காட்டுல கிழங்கு தோண்டுறது சட்டப்படி குத்தம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மழைக்காலத்துல செடி நிக்கும்போது தோண்டினா நீங்க எடுக்கிறது சுருங்கிக்கிட்டு இருக்க பழைய கிழங்கும் பாதி வளர்ந்த புதுக்கிழங்கும். நுனி எளசு, ஒடையும். பத்து எடுத்தா ரெண்டு கூட பொழைக்காது, அங்க இருந்த பத்தும் போயிரும். எங்க மலை அடிவாரத்துலயே நான் கல்யாணம் ஆகி வந்தப்ப நடைபாதை ஓரம் எல்லாம் நிக்கும், மருந்துக்குன்னு வந்து வந்து தோண்டிட்டு போய் இப்ப தேடி பாக்க வேண்டியிருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூ சொல்லும்போது முதல்ல சொல்லுறதே செங்காந்தள்தான். தமிழ்நாட்டோட மாநிலப் பூவும் இதுதான். அது காட்டுல நிக்கட்டும். வீட்டுக்கு வேணும்னா வளக்கிறவங்ககிட்ட வாங்குங்க, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாகுற செடி, அஞ்சு வருஷம் பொறுத்தா வேலி நெறைஞ்சுரும்.

மலையோரம் | ஜூலை 13

சரி அக்கா. எனக்கு அந்த நுனி விசயம் தெரியாது. வாங்கியே நடுறேன்.

வார்டு நைட் டூட்டி | ஜூலை 15

ஒரு முக்கியமான விசயம் யாரும் இன்னும் சொல்லல, அதனால நான் சொல்றேன். நான் 20 வருஷத்துக்கு மேல நர்ஸா இருக்கேன், நம்ம மாவட்டம்தான். இந்த செடியில எல்லா பாகமும் விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப விஷம். நம்ம ஊருக்கு இதுல தனியா ஒரு ஆபத்து இருக்கு. நாம வீட்டு விளையிலேயே காச்சில், சிறுகிழங்கு, கூவை, சேம்புன்னு திங்கிற கிழங்கு எல்லாம் போடுறவங்க. தைப்பொங்கலுக்கு கிழங்கு தோண்டுறது எப்ப? மார்கழி கடைசி. செங்காந்தள் கொடி காஞ்சு மேல ஒரு அடையாளமும் இல்லாம கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள கெடக்கிறது எப்ப? அதே மார்கழிதான். வேற ஆளு வந்து தோண்டினாலோ, வயசானவங்க இருட்டுல தோண்டினாலோ ரெண்டும் கலந்து போறதுக்கு வழி உண்டு. அவிச்சா விஷம் போயிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, போகாது.

சாப்பிட்டா உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சுதான் வாந்தியும் வயித்தால போறதும் ஆரம்பிக்கும், சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு வீட்டுலயே கசாயம் வச்சு குடுப்பாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல வாந்தி கொறையும், சரியாயிட்டுன்னு தோணும், அதுக்கு அப்புறம்தான் ரத்த அணு கொறைஞ்சு, கிட்னி, ஈரல், இருதயம்னு ஒவ்வொண்ணா கெடும். பொழைச்சவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல தலைமுடி கொத்து கொத்தா கொட்டும். இதுக்குன்னு மாத்து மருந்து கையில கெடைக்காது, சீக்கிரம் வந்தா வயித்த கழுவி, விஷத்த உறிஞ்சுற மருந்துக் கரி குடுத்து தாங்கிப் பிடிக்கலாம், லேட்டானா கஷ்டம். அதனால சந்தேகம் வந்தாலே நேரா பெரிய ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்துல உள்ளதோ, கையோட மிச்ச கிழங்கோ இலையோ ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, என்ன தின்னாங்கன்னு டாக்டருக்கு தெரியணும்.

கர்ப்பிணிங்களுக்கு பிரசவத்துக்குன்னு இந்த கிழங்க அரைச்சு பூசுற பழைய பழக்கம் சில இடத்துல உண்டு. அத யாரும் வீட்டுல செய்யக்கூடாது. ஆடு மாடும் தின்னா சாவும்.

விளைவேலி | ஜூலை 15

அக்கா நீங்க சொன்னது கேட்டு ஒரு நிமிசம் நெஞ்சு அடைச்சிட்டு. எனக்க செடிய நட்டிருந்தது காச்சில் குழிக்கு நாலு அடி பக்கத்துல. வீட்டுல மூணு வயசுல பொண்ணு இருக்கா. அந்த நர்சரியில விக்கும்போ ஒரு வார்த்தை சொல்லல, அழகுச்செடின்னு மட்டும் சொல்லி குடுத்தாங்க. அந்த ஒம்பது துண்டையும் நாளைக்கே தோண்டி எடுத்து அப்புறப்படுத்துறேன். இனிமே வளக்கவே கூடாதா?

வார்டு நைட் டூட்டி | ஜூலை 16

வளக்கலாம், நான் பயமுறுத்த சொல்லல. அரளியும் விஷம்தான், நம்ம மாவட்டத்துல அரளி இல்லாத வீடு உண்டா? எங்க வைக்கோம்ங்கிறதுதான். கிழங்கு போடுற எடத்துக்கு எதிர் ஓரத்துல வைங்க, சுத்தி கல்லு அடுக்கி ஒரு எல்லை போடுங்க, கொடி காஞ்ச பெறகும் அடையாளம் தெரியுற மாதிரி ஒரு கம்பி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. வீட்டுல எல்லாருக்கும், தோட்ட வேலைக்கு வர்றவங்களுக்கும் காட்டி குடுங்க. கிழங்க தொடும்போ கையுறை, இல்லன்னா கவர் மாட்டிட்டு தொட்டு சோப்பு போட்டு கழுவுங்க. காய் வெடிச்சா உள்ள விதை செவப்பா மிட்டாய் மாதிரி இருக்கும், பிள்ளைய இழுக்கிறது அதுதான். பொண்ணு வளர்ற வரைக்கும் காய முத்த விடாம பறிச்சிருங்க, விதை வேணும்னா ஒண்ணு ரெண்டு மட்டும் துணிப்பை கட்டி விடுங்க.

பூக்கட்டு தோவாளை | ஜூலை 20

பூ வியாபாரம்னு பேச்சு வந்தா நானும் சொல்லணும்லா. எங்க சந்தைக்கு விடியறதுக்கு முன்னாலயே பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, வாடாமல்லின்னு எல்லாம் வரும், கேரளாவுக்கு ஓணம் சமயம் லோடு லோடா போகும். செங்காந்தள ஒருத்தரும் கொண்டு வந்து நான் பாத்ததில்ல. சரம் கட்ட முடியாது, மாலைக்கு அடுக்கி மடக்க முடியாது, வாசமும் இல்ல. எங்களுக்கு கொடின்னா பிச்சிதான், மொட்டா பறிச்சு விடியுமுன்ன எறக்கினா காசு. ஆனா தண்டோட வெட்டி தண்ணியில வச்சா செங்காந்தள் ஒரு வாரம் கிட்ட நிக்கும். ஜப்பான்ல கொச்சின்னு ஒரு மாகாணம் இருக்காம், நம்ம கொச்சி இல்ல, அங்க இத கண்ணாடிக் கூண்டுக்குள்ள வளத்து ஜாடிப்பூவா விக்கிறாங்க. இங்க கல்யாண மேடை டெக்கரேசன் பண்றவங்க வெளியில இருந்து பூ இறக்குறாங்க, இது அவங்க கண்ணுல படணும். முதல் நாளு பச்சை கலந்த மஞ்சளா இருக்கும், அப்புறம் அடி மஞ்சள் நுனி சிவப்பு, கடைசியில முழுக்க ரத்தச் சிவப்பு, ஒரே தண்டுல மூணு நெறமும் நிக்கும். கட்டுற தொழில்ல 30 வருஷம் இருக்கேன், இப்பிடி ஒரு பூவ நாரு கொண்டு கட்ட முடியலையேன்னு எனக்கு ஆதங்கம் உண்டு.

சானல்கரை | ஆகஸ்ட் 3

எங்க வேலியில நிக்கிற செடியில கருப்பு புழு, மேல வெள்ளையும் ஆரஞ்சுமா புள்ளி, ஒரே ராத்திரியில எலைய மொட்டையடிச்சிட்டு. என்ன அடிக்கலாம்?

மூலனூர் காடு | ஆகஸ்ட் 3

அது இந்த செடிக்குன்னே வர்ற புழுங்க, லில்லி வகையிலயும் வரும். விஷ எலைய தின்னே வளரும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுச் செடின்னா மருந்து வேண்டாம், காலைல எல அடிப்பக்கம் பாத்து குச்சியில தட்டி சோப்புத்தண்ணியில போட்டுருங்க, வேப்பெண்ணெய் வாரத்துக்கு ஒருக்கா அடிங்க. சின்னதா இருக்கறப்பவே கூட்டமா இருக்கும், அப்ப பாத்தா ஒரே எலையோட போச்சு.

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஆகஸ்ட் 4

விளைவேலி தம்பி, இந்த வருஷம் ஒண்ணும் நடாண்டாம். மேட்ட மட்டும் போட்டு வைங்க, மண்ணு ஒரு மழைக்காலம் கெடந்து அடங்கட்டும். என்கிட்ட இருக்க செடி காஞ்ச பெறகு பங்குனியில தோண்டி நாலு கிழங்கு தாரேன், காசு வேண்டாம். நாகர்கோவில் வரும்போ சொல்லுங்க. பஸ்ல கொண்டு போகும்போ காய்ஞ்ச மணல் போட்ட டப்பாவுல வைக்கணும், நுனி இடிபடக்கூடாது, டப்பா மேல விஷம்னு எழுதி ஒட்டிருங்க.

விளைவேலி | ஏப்ரல் 19

அக்காகிட்ட போய் நாலு கிழங்கு வாங்கிட்டு வந்தாச்சு. நுனிய டார்ச் அடிச்சு காட்டி தந்தாங்க, கடுகு அளவுக்கு வெளிறின ஒரு முனை, அவ்வளவுதான் இருக்கு, அதுலயா ஆள் உயரக் கொடி வருதுன்னு அசந்துட்டேன். காச்சில் போடுறது தெக்கு ஓரம், மேடு போட்டது வடக்கு வேலி, நடுவுல வீடு. கல்லு அடுக்கி கம்பியில சிவப்புத் துணி கட்டியாச்சு, வேலைக்கு வர்ற அண்ணனையும் கூப்பிட்டு காட்டியாச்சு. மே கடைசியில நடலாமா, இல்ல ஜூன் மழை தொடங்கட்டுமா?

மருத்துவாழ்மலை அடிவாரம் | ஏப்ரல் 19

கண்ணு முனை லேசா பச்சை காட்டி வீங்கும், அப்ப நடுங்க, நாள் பாக்காண்டாம். மூணு விரல் ஆழம், கிழங்க படுக்க வச்சு, முனை லேசா மேல பாத்து. நட்டுட்டு ஒருதடவ தண்ணி, அப்புறம் முளை வெளிய வர்ற வரைக்கும் சும்மா விடுங்க.

விளைவேலி | ஜூன் 14

மூணு முளைச்சிருக்கு. நாலாவதுக்கு மண்ணு லேசா வெடிச்சிருக்கு, தொடாம விட்டிருக்கேன். முதல்ல வந்தது முழங்கால் உயரம், நேத்து சாயங்காலம் வெறும் காத்துல ஆடிட்டு இருந்த இலை நுனி இன்னைக்கு காலைல கொன்னைக் கம்போட சின்னக் கெளைய ஒரு சுத்து சுத்தி பிடிச்சிருக்கு. பொண்ண தூக்கிட்டு போய் தூரத்துல நின்னு காட்டினேன், தொடக்கூடாத செடின்னு இப்ப அவளே வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றா.

சானல்கரை | ஜூன் 14

அண்ணே சந்தோசம். நாலாவத தோண்டி மட்டும் பாத்துராதீங்க.

விளைவேலி | ஆகஸ்ட் 27

நாலும் பூத்தாச்சு. மூலனூர் அண்ணன் சொன்னது மாதிரி காலைல எட்டரைக்கு பிரஷ் எடுத்துட்டு போய் ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்கு ஏழு பூவுக்கு தொட்டு விட்டேன், பத்து பூவ சும்மா விட்டேன். சும்மா விட்டதுல ஒண்ணும் நிக்கல, எல்லாம் காஞ்சு விழுந்துட்டு. தொட்டதுல அஞ்சு காய் பிடிச்சிருக்கு, இப்ப சுண்டுவிரல் பாதி நீளம். மூணு காய பறிச்சு குழிச்சு மூடிட்டேன், ரெண்டுக்கு துணிப்பை கட்டியிருக்கேன். சானல்கரை தம்பிக்கும் மலையோரம் அண்ணனுக்கும் விதை தாரேன், பங்குனியில கிழங்கு பிரிச்சா ஆளுக்கு ஒண்ணு கிழங்கும் உண்டு, டப்பாவும் மணலும் நீங்க கொண்டு வாங்க.